கொடிக் கற்றாழை: ஒரு செடியின் பெயருக்குள் இருக்கும் வரலாறு



எங்கள் பள்ளியின் அறிவியல் தோட்டத்துக் கம்பி வேலியில் ஒரு கற்றாழை ஏறிப் படர்ந்திருக்கிறது. கற்றாழை என்றாலே தரையோடு தடித்துக் கிடக்கும் சோற்றுக் கற்றாழையை எண்ணிக்கொள்ளும் மாணவர்கள் இதைக் கண்டு வியக்கிறார்கள். "கற்றாழை எப்படி ஐயா வேலி ஏறும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு விடை சொல்லத் தேடிப் படித்தபோது, இச்செடி அறிவியல் பாடத்தோடு நின்றுவிடவில்லை என்று கண்டேன். மலாக்கா வீழ்ந்த கதை, ஒரு மக்கள் கூட்டம் தன் மண்ணிலிருந்து விரட்டப்பட்ட கதை, பெயர் சூட்டும் உரிமை யாருக்கு என்னும் கேள்வி ஆகிய மூன்றும் இதன் வேரில் பின்னிக் கிடக்கின்றன. அவற்றை இங்கே முறையாக எழுதி வைக்க விரும்புகிறேன். செடியை வளர்க்கும் முறையையும் இறுதியில் தந்திருக்கிறேன்.

எந்தக் கற்றாழை இது?

தமிழில் கற்றாழை என்னும் சொல் பல செடிகளைக் குறிக்கும். மருந்துக்கும் கூந்தலுக்கும் பயன்படும் சோற்றுக் கற்றாழை ஒன்று. சித்த மருத்துவத்தில் இதற்குக் குமரி என்று பெயர். மலாய்க்காரர்கள் இதை 'லீடா புவாயா' என்பர்; முதலையின் நாக்கு என்று பொருள். இதன் தாயகம் அரபுத் தீபகற்பம். நாரெடுக்கப் பயன்படும் ஆனைக் கற்றாழை மற்றொன்று. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. முற்றிலும் வேறு குலத்தைச் சேர்ந்தது. தோற்றம் ஒத்திருந்ததால் நம் முன்னோர் ஒரே பெயரால் அழைத்தனர்.

நான் இங்குக் குறிப்பிடும் கொடிக் கற்றாழை தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாநிலத்துக்கு உரியது. கடலோரத்தை ஒட்டிய முட்புதர்க் காடுகளில் வளர்கிறது. தண்டு விரல் அளவே பருமன் உடையது. ஆயினும் ஐந்து மீட்டர் நீளம் வரை வளரும். கற்றாழை இனங்களுள் விரைந்து வளர்பவற்றுள் இதுவும் ஒன்று. இலைகள் மெல்லியவை; ஒரு சாண் நீளத்தைத் தாண்டுவதில்லை. இலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றி உறைபோல் தழுவியிருக்கும். அவ்வுறையின் விளிம்பில் கண்ணிமை மயிர்போல் வெண்ணிற இழைகள் வரிசையாக நிற்கும். 'சிலியாரிஸ்' என்னும் இலத்தீன் சிறப்புப் பெயர் இவ்விழைகளால் வந்ததே.

இச்செடி அவரைபோல் சுற்றி ஏறுவதில்லை. பாகல்போல் பற்றுக்கம்பியும் விடுவதில்லை. புதரின் நடுவே நேராக நீண்டு செல்லும். பின்னர் இலைகள் முனை கவிழ்ந்து, கொக்கிபோல் பக்கத்துக் கிளைகளில் மாட்டிக்கொள்ளும். நிழலடர்ந்த புதருக்குள் பிறந்த செடி, வெயிலை எட்டிப் பிடிக்கக் கண்ட வழி இது. உச்சியை அடைந்ததும் செம்மஞ்சள் நிறக் குழல்மலர்களைக் கொத்தாகப் பூக்கும். குழலின் வாய் மட்டும் மஞ்சளும் பச்சையும் கலந்திருக்கும். தேன்சிட்டுகள் தேனருந்த வந்து மகரந்தத்தைக் கொண்டுசெல்லும்.

கியூவிலிருந்து சென்ற மடல்கள்

மலாக்காவின் வரலாற்றை நம் மாணவர்கள் அறிவார்கள். 1641ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றினர். அதே டச்சு நிறுவனம் 1652ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் தென்முனையில் ஒரு குடியிருப்பை அமைத்தது. கீழ்த்திசைக்குச் செல்லும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் தருவதற்காக அமைந்த இடம் அது. அங்கே முதல் வேலையாக ஒரு தோட்டம் போட்டனர். இன்றைய கேப் டவுன் நகரின் நடுவே அத்தோட்டத்தின் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது.

கேப்பிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற செடிகளில் கற்றாழை வகைகள் சிறப்பிடம் பெற்றன. காரணம் எளிது. கப்பலில் நன்னீர் அரிது. பயணமோ மாதக்கணக்கில் நீளும். பிற செடிகள் வழியிலேயே பட்டுப்போகும். கற்றாழையோ தன் நீரைத் தன் இலையிலேயே தேக்கி வைத்திருக்கிறது. மண்ணிலிருந்து பிடுங்கிப் போட்டாலும் நெடுநாள் உயிரோடு கிடக்கும். ஆதலால் ஆம்ஸ்டர்டாம் நகரின் தாவரத் தோட்டத்தில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கேப் கற்றாழைகள் வளர்ந்தன.

பின்னர் 1795ஆம் ஆண்டு வந்தது. பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் நுழைந்தது. அந்நாட்டின் ஆட்சித் தலைவராக இருந்த ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். இலண்டனுக்கு அருகே கியூ என்னும் இடத்து அரண்மனையில் அவருக்குத் தங்க இடம் தந்தனர். அங்கிருந்தவாறே அவர் கடல்கடந்த டச்சு ஆளுநர்களுக்கு மடல்கள் எழுதினார். பிரெஞ்சுக்காரர்கள் கையில் விழாதபடி உங்கள் பொறுப்பிலுள்ள இடங்களை ஆங்கிலேயரின் பாதுகாப்பில் விடுங்கள் என்பது அவற்றின் சாரம். வரலாற்றில் இவை கியூ மடல்கள் எனப்படுகின்றன. அவ்வாண்டே மலாக்கா ஆங்கிலேயர் வசமானது. அவ்வாண்டே கேப்பும் அவர்கள் வசமானது. இலங்கையின் திரிகோணமலையும் யாழ்ப்பாணமும் அவ்வாறே கைமாறின.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மடல் எழுதப்பட்ட கியூ அரண்மனைக்கு அருகிலேயே புகழ்பெற்ற கியூ தாவரத் தோட்டமும் இருந்தது. நாடுகளைப் பெறும் மடல் எழுதப்பட்ட அதே ஊருக்கு, அந்நாடுகளின் செடிகளும் பின்னர் வந்து சேர்ந்தன. கேப் இடையில் 1803ஆம் ஆண்டு டச்சுக்காரர்களிடம் திரும்பிச் சென்றது. 1806ஆம் ஆண்டு ஆங்கிலேயர் அதை மீண்டும் பிடித்தனர். 1814ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அது அவர்களுக்கே உரியதாயிற்று. மலாக்கா 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் முடிவாக ஆங்கிலேயரிடம் வந்தது. இரண்டு நிலங்கள், ஒரே சதுரங்கப் பலகை.

விரட்டப்பட்டவர்கள்

கொடிக் கற்றாழை வளரும் நிலப்பகுதியின் ஒரு பெரும்பகுதியை டச்சு வழிவந்த குடியேறிகள் சூர்வெல்ட் என்று அழைத்தனர். புளித்த புல்வெளி என்று அதற்குப் பொருள். அங்கே கோசா மக்கள் தம் மாடுகளோடும் விளைநிலங்களோடும் வாழ்ந்தனர். குடியேறிகளுக்கும் அவர்களுக்கும் மேய்ச்சல் நிலத்தை முன்னிட்டு நெடுங்காலம் மோதல் இருந்துவந்தது.

1811ஆம் ஆண்டின் இறுதியில் கேப் ஆளுநர் சர் ஜான் கிராடக், அப்பகுதியிலிருந்து கோசா மக்கள் அனைவரையும் அகற்றுமாறு ஆணையிட்டார். கர்னல் ஜான் கிரகாம் தலைமையில் படை சென்றது. குடிசைகள் எரிக்கப்பட்டன, விளைந்து நின்ற பயிர்கள் அழிக்கப்பட்டன, மாடுகள் கவரப்பட்டன. 1812ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் ஏறத்தாழ 20,000 பேர் பெரிய மீன் ஆற்றுக்கு அப்பால் துரத்தப்பட்டனர். அறுவடைக் காலத்தில் பயிரை இழப்பது என்றால் என்னவென்று, உழவுக் குடியிற் பிறந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டே அங்கு ஒரு படைமுகாம் ஊராக எழுந்தது. அவ்வூருக்குப் படைத்தலைவரின் பெயரையே சூட்டி கிரகாம்ஸ்டவுன் என்றனர்.

1819ஆம் ஆண்டு கோசா மக்கள் அவ்வூரைத் தாக்கித் தம் நிலத்தை மீட்க முயன்றனர். அவர்களை வழிநடத்தியவர் மக்காண்டா என்னும் ஞானத்தலைவர். முயற்சி தோற்றது. மேலும் உயிரிழப்பு வேண்டாம் என்று அவர் தாமே சரணடைந்தார். ராபன் தீவில் சிறை வைக்கப்பட்டார். பின்னர் படகில் தப்ப முயன்றபோது கடலில் மூழ்கி இறந்தார். நெல்சன் மண்டேலா சிறையிருந்ததால் நாம் அறிந்த அதே தீவுதான். 1820ஆம் ஆண்டு அப்பகுதியில் ஏறத்தாழ 4,000 பிரித்தானியக் குடியேறிகள் கொண்டுவந்து அமர்த்தப்பட்டனர்.

பர்ச்செல் வந்தார்

மக்கள் விரட்டப்பட்ட மறு ஆண்டு, 1813இல், மாட்டு வண்டி ஒன்று அந்நிலத்தின் வழியே சென்றது. அதில் இருந்தவர் வில்லியம் பர்ச்செல். 1781ஆம் ஆண்டு இலண்டன் அருகே பிறந்தவர். நம் தொழிலைச் செய்தவர் என்பதை ஆசிரியர்கள் அறிந்தால் மகிழ்வர். செயிண்ட் எலினா தீவில் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் அங்கேயே தாவரவியலாளராகப் பணியாற்றினார். 1811 முதல் 1815 வரை தென்னாப்பிரிக்காவில் 7,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, 50,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேர்த்தார். வண்டியோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் அவருடன் சென்றவர்கள் கோய்கோய் மக்கள். அவர்களுடைய உழைப்பும் நிலத்தறிவும் இன்றி அப்பயணம் நடந்திராது.

கிழக்குக் கேப் கடலோரப் பகுதியில் அவர் சேர்த்த செடிகளுள் நம் கொடிக் கற்றாழையும் ஒன்று. அறிவியல் உலகத்தார் கைக்கு அது கிடைத்தது அப்போதுதான்.

பர்ச்செல் தம் பயணத்தை 1822, 1824 ஆகிய ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். கண்டதைக் கண்டவாறு எழுதும் நேர்மையாளர். ஆப்பிரிக்க மக்களை மதித்து எழுதியவர். ஆனால் அவ்விரு தொகுதிகளும் 1812ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. அடுத்த தொகுதி வெளிவரவேயில்லை. சூர்வெல்ட்டில் அவர் எரிந்த குடிசைகளின் சாம்பலைக் கண்டாரா, அழிந்த வயல்களைக் கண்டாரா என்பதற்கு அவருடைய அச்சிட்ட சொல் நம்மிடம் இல்லை. அவர் உலர்த்தி வைத்த செடிகள் 1863ஆம் ஆண்டு அவர் மறைந்த பின்னர் கியூவுக்குச் சென்றன. செடியின் சான்று காக்கப்பட்டது. அச்செடியின் அருகே வாழ்ந்து, அது பூக்கும் பருவத்தை அறிந்திருந்த மக்களின் சான்று அத்தாள்களில் இல்லை.

பெயர் சூட்டியவர்கள்

1825ஆம் ஆண்டு ஏட்ரியன் ஹார்டி ஹாவொர்த் என்னும் ஆங்கிலேயர் இச்செடியை முறைப்படி விவரித்து, 'அலோ சிலியாரிஸ்' என்று பெயரிட்டார். இவர் இலண்டனின் செல்சீ பகுதியில் வாழ்ந்தவர். பட்டாம்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் ஆராய்ந்து பெருநூல் எழுதியவர். சதைப்பற்றுள்ள செடிகளில் அவருக்குத் தீராத ஆர்வம். இன்று பலர் வீட்டுச் சன்னலோரத்தில் சிறு தொட்டிகளில் வளர்க்கும் ஹாவொர்த்தியா என்னும் செடிவகை இவர் பெயரால் அமைந்ததே. 1833ஆம் ஆண்டு வாந்திபேதி நோயால் மறைந்தார்.

அடுத்து நினைக்கத்தக்கவர் கில்பர்ட் ரெனால்ட்ஸ். தொழிலால் கண்ணாடி விற்பவர். ஓய்வு நேரமெல்லாம் கற்றாழை தேடி அலைந்தவர். 1950ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட தென்னாப்பிரிக்கக் கற்றாழைகள் பற்றிய நூல் இன்றும் அத்துறையினர் கைவிடாத நூலாக விளங்குகிறது. அறிவைத் தேடப் பட்டம் ஒரு தடையில்லை என்பதற்கு மாணவர்களிடம் இவரைச் சான்றாகக் காட்டலாம்.

பெயர்க் கதை அத்துடன் முடியவில்லை. மரபணு ஆய்வுகள் வளர்ந்தபோது, கற்றாழை என்று ஒரே பேரினத்தில் அடக்கப்பட்டவை எல்லாம் ஒரே கிளைவழியைச் சேர்ந்தவை அல்ல என்று தெரிந்தது. ஆதலால் 2013ஆம் ஆண்டு அப்பேரினத்தைப் பிரித்தனர். ஏறிப் படரும் ஏழு இனங்கள் 'அலோயாம்பெலோஸ்' என்னும் புதிய பேரினத்தில் சேர்ந்தன. 'ஆம்பெலோஸ்' என்றால் கிரேக்கத்தில் திராட்சைக் கொடி. ஆக, நம் செடியின் இன்றைய பெயர் அலோயாம்பெலோஸ் சிலியாரிஸ். நாம் தமிழில் கொடிக் கற்றாழை என்று அழைத்தால் அது அறிவியல் பெயரோடும் பொருந்தி நிற்கிறது. நாற்றங்கால்களில் பழைய பெயரே இன்னும் வழங்குவதால், செடி வாங்குவோர் இரண்டையும் அறிந்திருத்தல் நன்று.

மற்றொரு செய்தி. பெரும்பாலான கற்றாழைகளுக்கு 14 குரோமோசோம்கள். கொடிக் கற்றாழைக்கோ 42, அதாவது மும்மடங்கு.

ஊர்ப் பெயரும் மாறியது. கிரகாம்ஸ்டவுன் 2018ஆம் ஆண்டு மக்காண்டா என்று பெயர் மாற்றப்பட்டது. விரட்டியவரின் பெயர் போய், மீட்க வந்தவரின் பெயர் வந்தது. செடியின் பெயர் புதிய அறிவால் மாறியது. ஊரின் பெயர் நெடுநாள் நினைவால் மாறியது.

இதை ஏன் வகுப்பில் சொல்ல வேண்டும்?

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வளவு துயரம் எதற்கு, செடியைக் காட்டி அதன் உறுப்புகளைச் சொன்னால் போதாதா என்று உடன்பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. என் விடையை நம் நாட்டு ரப்பர் மரத்திலிருந்து தொடங்குகிறேன்.

1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுசென்றார். 1877ஆம் ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் ரிட்லி மரத்தைப் பாதிக்காமல் பால் வெட்டும் முறையைக் கண்டார். இவ்வளவும் பாடநூலில் வரும், வரவும் வேண்டும். ஆனால் கதை அங்கேயே முடிந்துவிட்டால், விடியுமுன் எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டச் சென்ற நம் பாட்டனும் பாட்டியும் எங்கே? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிருவாகங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. இன்றைய தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் தொடக்கம் அத்தோட்டப் பள்ளிகளே. ஒரு மரத்தின் வரலாற்றில் நம்மை விட்டுவிட்டால் நமக்கு வலிக்கிறது. அவ்வாறாயின், இன்னொரு செடியின் வரலாற்றில் கோசா மக்களை விட்டுவிடுவதும் தவறே. தம் வரலாறு கேட்கப்பட வேண்டும் என்று விரும்பும் பிள்ளைகள், பிறர் வரலாற்றைக் கேட்கவும் பழக வேண்டும்.

வன்முறையை விரித்துரைக்க வேண்டியதில்லை. "இச்செடியைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேளுங்கள். "பர்ச்செல்" என்பார்கள். "அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள்? அவர்கள் அதைப் பார்க்கவில்லையா?" என்று அடுத்துக் கேளுங்கள். பத்து அகவைப் பிள்ளைக்கு இக்கேள்வி நன்றாகவே விளங்கும். என் வகுப்பில் விளங்கியது.

வளர்க்கும் முறை

இனி, செடியைப் பற்றி. வரலாற்றைக் கேட்ட பிள்ளைகள் உடனே நடவே விரும்புவர்.

1. நுனித் தண்டில் ஒரு சாண் நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். அடி இலைகளை நீக்கி, நிழலில் நான்கைந்து நாள் வையுங்கள். வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்ட வேண்டும். ஈரத்தோடு நட்டால் அழுகும்.

2. நம் நாட்டின் மழையே இச்செடிக்குப் பெரும் பகை. தோட்ட மண்ணோடு சம அளவு ஆற்று மணலும், கொஞ்சம் கருக்கிய உமியும் கலந்துகொள்ளுங்கள். தொட்டியின் அடியில் நீர் வடியும் துளை கட்டாயம் வேண்டும். நிலத்தில் நடுவதாயின் பாத்தியை மேடாக்குங்கள்.

3. தொட்டிக்குக் கீழே தட்டு வைக்க வேண்டா. தேங்கும் நீர் வேரையும் கெடுக்கும். ஏடிஸ் கொசுவையும் வளர்க்கும். டிங்கிக் காய்ச்சலை நாம் அறிவோம்.

4. காலை வெயில் நன்றாக விழும் இடம் ஏற்றது. மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் ஊற்றவே வேண்டியதில்லை.

5. கம்பி வேலியோ மூங்கில் தட்டியோ இருந்தால், தண்டுகளை இடையில் நுழைத்து விடுங்கள். தானே பற்றி ஏறாத இடத்தில் துணிநாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். வழவழப்பான சுவரில் இது ஏறாது.

6. இலை இடுக்குகளில் மாவுப்பூச்சி தங்கும். சவர்க்காரம் கலந்த நீரில் தோய்த்த பஞ்சால் துடைத்தால் போதும்.

7. நீண்ட தண்டுகளை ஆண்டுக்கொரு முறை வெட்டிவிடுங்கள். வெட்டியவற்றை நட்டால் புதுச் செடிகள். எஞ்சியவற்றைக் காட்டோரத்தில் வீச வேண்டா. ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளில் தோட்டத்திலிருந்து வெளியேறிய இச்செடி தானாகப் பரவியிருக்கிறது.

எங்கள் பள்ளிச் செடி இரண்டாம் ஆண்டில்தான் முதல் பூந்தண்டை விட்டது. ஆதலால் பொறுமை வேண்டும்.

பெற்றோர்கள் கவனிக்க: இது சோற்றுக் கற்றாழை அன்று. இலையில் எடுத்துப் பூசத்தக்க சோறும் இல்லை. உணவாகவோ மருந்தாகவோ பயன்படுத்த வேண்டா. மேலும், சோற்றுக் கற்றாழை நீங்கலான கற்றாழை வகைகள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. எனவே வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரவழைப்பதைத் தவிர்த்து, உள்ளூர் நாற்றங்காலிலோ நண்பர்களிடமோ ஒரு தண்டு பெறுவதே முறை.

செடிக்கு அருகே பெயர்ப்பலகை வைக்கும் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அறிவியல் பெயரையும் தமிழ்ப் பெயரையும் எழுதுவதோடு, 'தாயகம்: கிழக்குக் கேப், கோசா மக்களின் நிலம்' என்று ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு வரிதான். படிக்கும் பிள்ளைகளில் ஒருவராவது "கோசா மக்கள் யார்?" என்று கேட்பார். அன்றைய வரலாற்றுப் பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.